வால் தாழ்ந்த வண்டி

மிசூரியில், டிரெய்லர் வண்டிகள் தங்கும் ஒரு ஏரிக்கரை முகாமில், ஆறாம் எண் இடத்தில், காலை எட்டு மணிக்கு இருந்தவர்கள்:

வேட் ஹட்சின்ஸ். கிளம்பும் அவசரத்தில்.

ஆரின், டெல்பர்ட். ஓய்வு பெற்றவர்கள். கையில் காப்பி, வாய் நிறைய யோசனை.

லொரீன். முகாமின் மேலாளர். முன்னாள் லாரி டிரைவர்.

இல்லாதவர் ஒருவர்... முகாம் வாசலில் நின்ற வெண்கலப் பன்றி. எடை நானூறு பவுண்டு. ராத்திரியோடு ராத்திரியாகக் காணவில்லை.

ஷெரீஃப் வர இன்னும் இருபது நிமிடம். அதற்குள் வேட் கேட்டைத் தாண்டியாக வேண்டும். பன்றி அவனுடைய டிரெய்லரில்தான், முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

டிரெய்லரைத் தன் பிக்கப் வண்டியின் பின் கொக்கியில் மாட்டினான்.

பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

அந்த முகாமில் ஒருவன் செத்துக் கிடந்தால்கூடத் தாண்டிப் போவார்கள். வால் தாழ்ந்த வண்டியைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

"என்னப்பா, பின்னாடி குந்திருச்சு?" ஆரின் வந்துவிட்டார்.

"பரவால்ல சார். இப்படியே போயிருவேன்."

"எப்படிப் போவ? முன் சக்கரத்துல பாரமே இல்ல. நீ ஒரு பக்கம் திருப்புவ, அது ஒரு பக்கம் போகும்."

"கொக்கியோட ஸ்பிரிங் கம்பிச் சங்கிலிய ஒரு கண்ணி ஏத்திக் கட்டு, பாரம் முன் சக்கரத்துக்குப் போகும்," என்றார் டெல்பர்ட்.

"ஒண்ணு பத்தாதுய்யா. ரெண்டு."

"நாப்பது வருஷமா தப்பாவே சொல்றியே, சலிக்கல?"

இரண்டு கண்ணி ஏற்றினார்கள். வால் ஒரே ஒரு இன்ச் எழுந்தது.

"டிரெய்லர்ல முன்னாடி கனம் ஜாஸ்தி. உள்ள என்ன வெச்சிருக்க?" என்றார் ஆரின்.

வேட் டிரெய்லர் கதவை மறைத்து நின்றான்.

"மாமியாரோட... தையல் மிஷின்."

"மாமியாரையும் சேத்தா?" என்றார் டெல்பர்ட்.

"திற. பின்னாடி தள்ளி வெச்சுரலாம்," என்றார் ஆரின்.

"வேணாம் சார்... உள்ள ஒரே குப்பை. வெக்கமா இருக்கு."

ஓரமாக நின்ற லொரீன், இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவினாள்.

"தம்பி, நீ எத்தன பவுண்டு?"

"இருநூத்தி அறுவது."

"நீ மட்டும் உள்ள போ. பின் மூலையில நில்லு. வால் எவ்வளவு தூக்குதுன்னு அளந்துக்கறேன். அப்புறம் இந்த ரெண்டு கிழமும் உன்ன விட்ரும்."

வேட்டுக்கு உயிர் வந்தது. யாரும் உள்ளே வரப் போவதில்லை!

கதவுக்கு வெளியே விடிகாலையில்தான் புதிதாக மாட்டிய பூட்டைத் திறந்தான். சாவியோடு அதைக் கொண்டியில் தொங்கவிட்டு உள்ளே ஓடினான். பின் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றான்.

"சரியா, மேடம்?"

"இரு. இங்க வர்ற ஒவ்வொரு வண்டியையும் நான் அளந்து எழுதி வெப்பேன். பழக்கம். நேத்து இதே டிரெய்லரோட வந்தப்ப உன் பிக்கப்போட பின் பம்பர் தரையிலேருந்து இருபத்தாறு இன்ச். இன்னிக்கு சங்கிலி ஏத்துன பிறகும் இருபத்திமூணு. ஒரே ராத்திரியில மிஷின் குட்டி போட்டுச்சா?"

வேட் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

கதவு முகத்தில் அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே, அவனே வாங்கிய பூட்டு... 'க்ளிக்.'

"ஆரின், குனிஞ்சு பாரு," லொரீனின் குரல் கேட்டது. "முன்னாடி ஒரு பன்னி, பின்னாடி ஒரு பன்னி. இப்ப வண்டி மட்டமா நிக்குது."