சூட்டு பீரோ

குளியலறை ஜன்னலில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைத்தான் அய்யனார் முதலில் பார்த்தான். எண்ணெய் உறைந்து, வெள்ளை வெளேரென்று கழுத்துவரை கெட்டிப்பட்டு நின்றது. மார்கழியில் அப்படி நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது கத்திரி வெயில். வெளியே தார் இளகி சைக்கிள் டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது; சுரங்கப் பக்கமிருந்து அடித்த காற்றில் கரித்தூளும் அனலும் கலந்து கண்ணை எரித்தன. கை கழுவ வந்தவன் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டும் அசையவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். ஆபீசர் வீட்டு எண்ணெய் எப்படி இருந்தால் காண்டிராக்ட் வயர்மேனுக்கு என்ன?

வந்த வேலையும் அப்படிப்பட்டதுதான். மின் நிலையத்துக்கு மெஷின்கள் வந்த கப்பலில், குளிர் தேசத்து எஞ்சினீயர்கள் குடியிருக்கப் போகிறார்களே என்று எவனோ ஒரு புண்ணியவான், வீட்டைச் சூடாக்கும் கணப்பு ஒன்றையும் பெட்டி கட்டி அனுப்பியிருந்தான். கரண்டில் ஓடுவது. ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே வரிசை வரிசையாகச் சுருள் கம்பிகள், அடியில் ஒரு காற்றாடி. சுருள் பழுக்கும், காற்றாடி ஊதும், தகரக் குழாய் வழியாகச் சூடு அறை அறையாகப் போகும். வந்த எஞ்சினீயர்களோ நெய்வேலி வெயிலைக் கண்டதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஸ்டோர்ஸில் தூசி படிந்து கிடந்த அதற்குச் சூட்டு பீரோ என்று பெயர் வைத்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் கேட்டு வாங்கிவந்து, வேறு நாள் கிடைக்காத மாதிரி கத்திரியில், தன் குவாட்டர்ஸில் மாட்டச் சொன்னார் இசக்கிமுத்து சார்.

"சிரிக்கறவன் சிரிச்சிட்டுப் போகட்டும்ப்பா. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவளுக்குக் குளிருது. ஆஸ்பத்திரில பாத்தா உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்கறாங்க. நீ இத ஒழுங்கா ஓட வச்சிக் குடு. பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு வர்றதுக்கு நான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி கோமதி கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு போர்வை. உதடு வெளுத்திருந்தது. அந்தக் கூடத்தில் நின்றபோது அய்யனாரின் முதுகு வியர்வை சட்டையோடு சில்லிட்டது.

பர்மனென்ட். அந்த ஒரு சொல்லுக்காக அவன் பீரோவை முதுகில் சுமக்கச் சொன்னாலும் சுமந்திருப்பான். பர்மனென்ட் ஆனால் குவாட்டர்ஸ். குவாட்டர்ஸ் கிடைத்தால் அவன் பெண்டாட்டி சாமியம்மாள் திரும்பி வருவாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் இந்த மண்ணில் பிறந்தவன்தான். சுரங்கத்துக்கும் குடியிருப்புக்கும் ஊரை எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் நஷ்டஈடு வாங்கினார்கள். நிலமே இல்லாத அவனுக்கு மண் சமன்படுத்தும் கூலி வேலை கிடைத்தது. ஊர் இடுகாட்டுக்குள் புல்டோசர் இறங்கிய அன்றும் அவன் கூலிக்கு நின்றான். அங்கேதான், இலுப்பை மரத்துக்குக் கிழக்கே, அவன் மகள் அஞ்சலை கிடந்தாள். குளிர் காய்ச்சலில் போனவள். அவனும் சேர்ந்து மண்ணைச் சமன்படுத்தினான். பிறகு ரோடு வந்தது, பிளாக் வந்தது, ஒன்றைப்போல் ஒன்றாக வீடுகள் வந்தன. "எம்புள்ள எடத்தக் காட்டு, வந்து குடித்தனம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாமியம்மாள் காடாம்புலியூரில் தாய்வீட்டோடு இருந்துகொண்டாள். அவனால் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வயரிங் பழகிக்கொண்டு, மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல வேலைக்குப் போய் வந்தான்.

பீரோவைச் சாமான் அறையில் நிறுத்தினான். மெயினிலிருந்து தடித்த கேபிள் இழுத்து, தனி சுவிட்சும் பியூஸும் வைத்தான். சுவரைக் குடைந்து தகரக் குழாயைக் கூடத்துக்குக் கொண்டுபோய், அதன் வாயில் கம்பிச் சல்லடை பொருத்தினான். சுவரில் சூடு காட்டும் வட்டப் பெட்டியை மாட்டினான். அதில் இரண்டு முள். எவ்வளவு சூடு வேண்டும் என்று ஒரு முள்ளை நாம் வைக்கவேண்டும். அறையில் இருக்கிற சூட்டை மற்றது காட்டும். இரண்டும் சேர்ந்தால் டிக்கென்று பீரோ தானாக அணையும். பாக்கி இருந்தது எர்த் மட்டும்.

எர்த் போடுவது முதுகை ஒடிக்கிற வேலை. ஆழமாகக் குழி வெட்டி, குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடவேண்டும். ஈரமும் உப்பும் இருந்தால்தான் மண் கரண்டை வாங்கும். கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்த மரக்கட்டையின்மேல் துண்டை வைத்துவிட்டு அய்யனார் கடப்பாரையைப் போட்டான். மேல்மண் காய்ந்து கல்லாக இருந்தது. முழங்கை ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் நிறம். ஈரம். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தான். கரித்தது.

எவனோ முன்னாலேயே இங்கே எர்த் போட்டிருக்கிறான் என்று நினைத்தான். வேறு யார் மண்ணுக்குள் உப்பைக் கொட்டப் போகிறார்கள்? வயர்மேன் புத்தி வயர்மேன் வழியில்தான் போகும். பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, புதுக்குழி வெட்டாமல் குழாயை அங்கேயே நிறுத்தி அடித்தான். சம்மட்டி கொஞ்ச நேரம் பேசியது. பிறகு அடியே தேவைப்படவில்லை. கை வைத்ததும் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது, கீழிருந்து யாரோ வாங்கிக்கொள்வதுபோல. அவன் பிடித்து நிறுத்தினான்.

கம்பியை முடுக்கி, பல்பு வைத்துச் சோதித்தான். பல்பு பளீரென்று எரிந்தது. இப்படி ஒரு எர்த்தை அவன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

சுவிட்சைப் போட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காற்றாடி உறுமிக்கொண்டு எழுந்தது. முதல் சுருள் பழுத்தது, இரண்டாவது பழுத்தது, புது இரும்பில் பூசியிருந்த எண்ணெய் தீய்கிற வாடை வீடெல்லாம் பரவியது. கோமதி போர்வையோடு எழுந்து வந்து சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். "வருது அய்யனாரு, சூடு வருது" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி. அவனுக்கும் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுவர்ப் பெட்டியைப் பார்த்தான். அறைச் சூட்டு முள் ஏறவில்லை.

விரலால் தட்டினான். முள் நடுங்கி, கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. பீரோவுக்குள் மூன்றாவது சுருளும் பழுத்தது. பிறகு கடைசிச் சுருள். கதவிடுக்கெல்லாம் சிவப்பாக இருந்தது. முள் இன்னும் இறங்கியது. தீய்ந்த எண்ணெய் வாடை போய் வேறொன்று வந்தது. ஈரத்துணி வாடை. காய்ச்சல்காரத் தலையின் வியர்வை வாடை.

"என்னமோ சத்தம் கேக்கே?" என்றாள் கோமதி. "குழாய்க்குள்ள. யாரோ பல்லக் கிட்டிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு."

"ரிலேம்மா, தானா அணைக்கிற சுவிட்சு. லூசா இருந்தா அப்பிடித்தான் படபடக்கும். முடுக்கி வுட்டா சரியாயிடும்."

முடுக்கினான். ரிலே இறுகலாகத்தான் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தான். அசைவே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. கிடுகிடுகிடு. நிற்கும். மறுபடி கிடுகிடுகிடு.

எர்த் கம்பியில்தான் கோளாறு என்று கொல்லைக்குப் போனான். குழாயைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். ஷாக் இல்லை. ஐஸ். மறுபடி தொட்டான். இரும்பு நடுங்கியது.

அந்த நடுக்கம் அவனுக்குத் தெரியும்.

மடியில் வைத்திருந்தபோது அஞ்சலை நடுங்கினால் கயிற்றுக் கட்டிலே ஆடும். இருந்த சேலை, சாக்கு எல்லாவற்றையும் போர்த்திய பிறகும், "குளுருதுப்பா, இன்னொண்ணு போத்துப்பா" என்பாள். போர்த்த வேறெதுவும் இருக்கவில்லை. விடிந்ததும் வழக்கப்படி குழிக்குள் கிடத்தி, மேலே உப்பைக் கொட்டி மூடினார்கள். அந்த உப்பு மூட்டையை அவன்தான் சுமந்து வந்தான்.

உப்பு.

மெல்லத் திரும்பி, துண்டு கிடந்த மரக்கட்டையைப் பார்த்தான். வேரோடு மண்ணில் நின்ற அடிக்கட்டை. இலுப்பை. காலையில் துண்டு வைத்தபோதே கைக்குத் தெரிந்திருக்கும். அவன்தான் தெரிந்துகொள்ளவில்லை. அதற்குக் கிழக்கே நின்றுகொண்டிருந்தான்.

அலறியிருக்கலாம். ஓடியிருக்கலாம். கம்பியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அய்யனாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரே ஒரு நினைப்பு மட்டும் வந்தது. எடம் கெடச்சிடுச்சி. சாமியம்மாளுக்குக் காட்டலாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காடாம்புலியூர் போனான். சாமியம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"எங்க வந்த?"

"எடம் தெரிஞ்சிடுச்சி. ஒரு ஆபீசரு வூட்டுக் கொல்ல."

அவள் உள்ளே போனாள். தலை முழுகி, எண்ணெய் தடவி வழித்துச் சீவிக்கொண்டு, குழியில் தெளிக்க ஒரு தூக்கில் பால் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெயிலில் எண்ணெய் உருகி அவள் நெற்றியில் வழிந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தத் தேங்காய் எண்ணெய் வாசனை அவனுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது. வந்துவிட்டாள் என்று நினைத்தான். திரும்பத் திரும்ப அதையே நினைத்தான்.

இசக்கிமுத்து சார் ஷிப்டுக்குப் போயிருந்தார். கதவு திறந்து கிடந்தது. பீரோ ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைக்குப் போகிற வழியில், கூடத்து வாசலில், சாமியம்மாள் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

கிடுகிடுகிடு.

பால் தூக்கைத் தரையில் வைத்தாள்.

சல்லடை கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் கோமதி பாயில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்மேல் போர்வை இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. இரண்டையும் குழாய்க்குள் திணித்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. முன்பின் தெரியாத சாமியம்மாளைப் பார்த்து, பாயில் பாதியை ஒதுக்கினாள்.

"வா தாயி. ராத்திரி பூரா தூங்கவே இல்ல. போத்து போத்துன்னுட்டே இருக்கு."

சாமியம்மாள் உட்கார்ந்தாள். முந்தானையை உருவிக் குழாய்க்குள் கொடுத்தாள். பிறகு கையை விட்டாள். முழங்கை. தோள். கன்னம் சுவரில் ஒட்டியது. உள்ளே அவள் கை எதையோ தட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. தட். தட். தகரத்தின்மேல் விழுகிற சத்தமாக இல்லை.

"சாமி. எழுந்திரு. வா போவலாம்."

அவள் திரும்பவில்லை.

அய்யனார் சாமான் அறைக்கு ஓடி மெயினை இழுத்தான். காற்றாடி நின்றது. சுருள்கள் கறுத்தன. வீடே நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் பல்லின் சத்தம் பெருகியது. பீரோவில். சுவரில். அவன் காலுக்குக் கீழே. அதற்குள்ளிருந்து ஒரு குரல், தெளிவாக, அவனிடமே சொன்னது.

"இன்னொண்ணு போத்துப்பா."

அவன் மெயினைப் போட்டான்.

கூடத்துக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றான். முதுகில் கத்திரி வெயில். முகத்தில் ஐஸ். கோமதி பாயில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. சாமியம்மாள் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

"இன்னாய்யா நின்னுகினு கீற? கதவச் சாத்து. புள்ளைக்கிக் குளுருது."

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

சாமியம்மாளின் கை வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது, கீழிருந்து யாரோ வாங்கிக்கொள்வதுபோல. தோளும் போனது. காலையில் தடவிய எண்ணெய், வகிட்டிலிருந்து தொடங்கி, அவள் தலை முழுவதும் வெள்ளையாக உறைந்துகொண்டு வந்தது.