ஏழாம் பெட்டியில் ஒன்று குறைகிறது

ஏழாம் பெட்டியில் ஓர் உண்ணி குறைந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். அவரைத் தளிரை அப்பிக் கிடந்த அசுவினிப் பூச்சிகளின் முதுகில், ஊசிமுனை அளவுச் சிவப்பு உண்ணிகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. பதினெட்டு. காலையில் பத்தொன்பது. ஆய்வகத்தின் ஈரமண் வாடையும், விளக்குகளின் ஓயாத ரீங்காரமும், ஐந்து மாத வயிற்றின் கனமும் சேர்ந்து அவள் இமைகளைக் கீழே இழுத்தன. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, உண்ணிகளைத் தொட்டு எடுக்கும் தூரிகையின் நுனியை வழக்கம்போல் உதட்டில் நனைத்துக் கூராக்கினாள்.

"வாயில வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? தண்ணிக் கிண்ணம் எதுக்கு இருக்கு?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"அது அந்தக் கோடியில இருக்குக்கா. எந்திரிக்கத் தெம்பில்ல."

"இந்த அசுவினிங்க பாடு தேவலை. பொறக்கும்போதே வயித்துல புள்ளையோட பொறக்குது. உன்னை மாதிரி ஒன்பது வருஷம் தவம் கிடக்க வேண்டாம்."

இருவரும் சிரித்தார்கள்.

உண்ணி கடிக்கும்போது ஓர் அசுவினியின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியா இன்னொன்றுக்குத் தாவுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. ஏழாம் பெட்டியில் தாவியிருந்தது.

சாயங்காலம் கண்ணாடி முன் கீழுதட்டை மடித்துப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி.

"சூட்டுக் கொப்புளம்டி. தண்ணி குடிச்சுட்டுப் படு" என்றான் கணவன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நாக்கால் தடவினாள். புள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

காலையில் அது இல்லை. ஊசி குத்திய தடம் மட்டும். அப்பாடா என்று வேலைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன். வயிற்றில் குளிர்ந்த பசை. இருட்டறையில் குழந்தையின் இதயம் குதிரைபோல் ஓடியது. களைப்பெல்லாம் கரைந்து அவள் அழுதாள்.

அதற்கு அடியில் இன்னொரு துடிப்பு. சின்னதாய். வேகமாய்.

"ரெட்டையா டாக்டர்?"

டாக்டரம்மா திரையருகே குனிந்தாள். கருவியை நகர்த்தினாள். நிறுத்தினாள்.

"டாக்டர்?"

"கொஞ்சம் இரும்மா." படத்தைப் பெரிதாக்கினாள்.

திரையில் குழந்தை. குழந்தையின் வயிறு. அதற்குள் சுருண்டு இன்னொன்று. விரல்கள்கூட இருந்தன. அதன் வயிற்றிலும் ஏதோ மினுக்கியது.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

திரையில், குழந்தையும் மெல்லத் தன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டது.