நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு கார்

கூடு வழியிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கனகமணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செவ்வாயில் புது அவினாசிக் குடியேற்றத்தில் யாராக இருந்தாலும் இந்தக் கூடுகளில் ஏறித்தான் வேலைக்குப் போயாக வேண்டும். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு துடிப்புணரி உண்டு. பயணி ஒருவருக்கு நெஞ்சு சற்று வேகமாக அடித்தாலும், பாவம், பதறுகிறார் என்று கூடு தானாக ஓரங்கட்டிவிடும். அவர் ஆறிய பிறகுதான் மறுபடி நகரும். நகர்ந்தாலும் நடந்து போகிறவரை முந்தாது.

"மனசை அமைதியா வெச்சுக்குங்க அம்மணி. எங்களுக்கும் வேலை இருக்குதல்ல," என்றார் எதிரில் இருந்தவர்.

இப்படி அமைதியாக இருந்து இருந்தே கனகமணி அலுத்துப்போயிருந்தாள். வாகன ஆலையில் இந்தக் கூடுகளை வடிவமைப்பதுதான் அவள் வேலை என்பது அலுப்பை இன்னும் கூட்டியது. அந்தச் சலிப்பில்தான் ஒருநாள் பூமியின் பழைய ஆவணப் படங்களில் இத்தாலியக் கார்களைப் பார்த்தாள். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு பதுங்கல். நிற்கும்போதே ஓடுவது போலிருந்தன. பூமியிலேயே அவை பெரும் பணக்காரர்களுக்குத்தான் வாய்த்தன என்று படித்தபோது எரிச்சல் வந்தது. நர்ஸும் ஃபிட்டரும் வாங்குகிற விலையில் அப்படி ஒன்றைச் செய்தே தீருவதென்று முடிவுகட்டினாள்.

செய்தும் விட்டாள். அதற்குள் தலை நரைத்துவிட்டது. எரிமலைக்கல்லை உருக்கி இழுத்த நாரில் உடல், சுரங்கத்தில் கழித்துப்போட்ட துளைப்பான்களின் மோட்டார், துடிப்புணரி இல்லாத இருக்கை, கையால் திருப்புகிற ஸ்டியரிங். செவ்வாயில் வந்து யாராவது சிவப்பு அடிப்பார்களா என்று மேலாளர் முத்துக்குமாரசாமி கேட்டதால் மஞ்சள் பூசினாள். தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம். பெயர் வல்லூறு.

ஊரே வாங்கியது. கணக்கு வாத்தியார்கள்கூட உறுமிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். கனகமணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு வேகத்தடைகள் முளைத்தன. கேட்டதெல்லாம் வல்லூறு வைத்திருந்தவர்கள்தான். குடியேற்ற விதிப்படி தெருக்காரர் ஒருவர் கேட்டால் போதும், சாலைப்பணி இயந்திரன் மறுபேச்சில்லாமல் ஒரு மேடு ஊற்றிவிட்டுப் போகும். அடுத்தவர் தெருவில் பறந்தவர் தன் வாசலுக்கு மேடு கேட்டார். கோயில் முன்னால் ஒன்று, மளிகைக்கடை முன்னால் ஒன்று, யாரும் எட்டிப்பார்க்காத முட்டுச்சந்தில்கூட ஒன்று. வல்லூறுகள் மேட்டில் வயிறு தட்டி, சக்கரம் பாவாமல் ஊசலாடின. அடிப்பாகம் கிழிந்த வண்டிகள் வரிசையாக ஆலைக்குத் திரும்பின.

"உசரத்தை ஒரு முழம் தூக்கிருங்க," என்றார் முத்துக்குமாரசாமி.

"தூக்கினா அது கூடு ஆயிருமுங்க சார்."

"அப்ப வல்லூறை நிறுத்திர வேண்டியதுதான். இல்லாட்டி மேட்டையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க."

வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று கனகமணிக்குத் தோன்றியது. விட மனசில்லை. குடியேற்ற மன்றத்துக்கு நடையாய் நடந்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் மன்றம் சலித்துப்போய், எல்லா மேடுகளையும் அகற்ற உத்தரவிட்டது. கேட்டால் போடுகிற பழைய விதி மட்டும் அப்படியே இருக்கும் என்றது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. காரை வைத்துக்கொண்டு யார் இனி மேடு கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

இயந்திரன் தெருத்தெருவாகப் போய், கடைசியாக அவள் தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் போடவைத்த மேட்டைச் சுரண்டித் தரையோடு தரையாக்கியது. கனகமணி வாசலில் நின்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் ஒரு வல்லூறு திரும்பியது. அடுத்த தெரு நர்ஸ் ஓட்டி வந்தாள். கனகமணி வரைந்த அந்த மூக்கின் வளைவு வெளிச்சத்தில் அத்தனை அழகாக இருந்தது. மூட்டு மாற்றிய காலோடு பால் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்த அவள் கணவர் தண்டபாணி பின்வாங்குவதற்குள், வண்டி அவர் வேட்டியை உரசிக்கொண்டு பறந்தது. செவ்வாயின் ஈர்ப்பில் அவர் மெதுவாகத்தான் விழுந்தார். ஆனாலும் விழுந்தார். நர்ஸ் திரும்பிப் பார்க்காமல் கையசைத்துவிட்டுப் போனாள்.

கனகமணி ஓடிப்போய் அவரைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தாள். அடி ஒன்றுமில்லை. இயந்திரனிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"இந்த ஒண்ணை மட்டும் பழையபடி ஊத்திரு."

"சரிங்கம்மா."

"மத்த தெருவுலயெல்லாம் எடுத்தாச்சல்ல?"

"எடுத்தேனுங்க. எடுத்த கையோட, இந்த ஒண்ணை மட்டும் ஊத்திருன்னு எல்லாத் தெருவுலயும் சொன்னாங்க. ஊத்திட்டேன்." இயந்திரன் தன் கலவைத் தொட்டியை எட்டிப் பார்த்தது. "இதுதாங்க கடைசித் தெரு. கலவை மீதி கெடக்குது. கொஞ்சம் உசரமா ஊத்தட்டுங்களா?"

கனகமணி படியில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

"உசரமாவே ஊத்து," என்றாள்.