வம்சக்கண்ணாடி வந்த வைக்கோல்

வம்சக்கண்ணாடியை மூடுபனிக்கு நேரே திருப்பியதும் ஏலமலை முழுவதும் ஒளி இழைகள் பூத்தன. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய அயல்குளவி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை அதன் தாய்க்கும், அங்கிருந்து தாயின் தாய்க்குமாகப் பின்னோக்கி ஓடியது. காற்றில் மிதக்கும் மரபணுத் துகள்களைக் கொண்டே எதன் வம்சத்தையும் சொல்லிவிடும் கருவி அது. ஆடு திருடியவன் முதல் போலி நாற்று விற்றவன் வரை மலையில் அதனிடம் தப்பியவர் இல்லை. கண்ணாடி பொய் சொல்லாது என்பது ஊருக்கே பேச்சுவழக்காகிவிட்டது.

அதை இயக்குபவள் வடிவாம்பாள். குளவிகள் தேனீக்களைத் தின்று தீர்த்ததில் ஏலச்செடிகள் பூத்தும் காய்க்கவில்லை. குளவி முதலில் நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்குள்ள தேன்பெட்டிகளை எரிக்க வேண்டும் என்பது வேளாண் அதிகாரியின் உத்தரவு. கொரியாவில் வேலை பார்த்துத் திரும்பிய பேச்சிமுத்துவின் தோட்டத்தின் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம்.

"எரிக்கிறதுன்னா என்னையும் சேர்த்து எரிச்சிருங்க தாயி. அந்தப் பெட்டிகள விட்டா எனக்கு வேற என்ன இருக்கு," என்றார் அவர், பக்கத்தில் நின்றபடி.

"பொறுங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

தூக்கத்தில் நடப்பவள் போல அவள் ஒளியைப் பின்தொடர்ந்தாள். இழைகள் பேச்சிமுத்துவின் தோட்டத்தைத் தொடாமலே கடந்தன. ஊருக்குள் இறங்கி, வாசல் வாசலாகத் தொட்டு, அவளுடைய ஆய்வுக்கூட மூலையில் கிடந்த காலிப் பெட்டியில் ஒன்றாக முடிந்தன.

அது வம்சக்கண்ணாடி கடல் கடந்து வந்த பெட்டி. அன்று கருவிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பெட்டியிலிருந்த மணக்கும் வைக்கோலை ராசி என்று ஆளுக்கொரு பிடி வாங்கிப்போய் வாசல் நிலையில் செருகினார்கள். பங்கிட்டுக் கொடுத்தவளே வடிவாம்பாள்தான். சூல்கொண்ட ராணிக் குளவிகள் குளிரில் உறங்கியபடி அதற்குள் வந்திருக்கின்றன. வைக்கோல் வாங்காதவர், அப்போது வெளிநாட்டில் இருந்த பேச்சிமுத்து ஒருவர் மட்டுமே.

வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னாள். பிறகு அதிகாரியை அழைத்தாள்.

"கண்ணாடியே கண்ணாடியக் குத்தம் சொல்லுதா? அப்ப அது ரிப்பேரும்மா. புதுசு அனுப்புறேன். அதுல பாத்துட்டு எரிப்போம்," என்றார் அதிகாரி.

புதிய பெட்டி பனிக்குள்ளிருந்து மேளத்தோடு வந்தது. மூடி திறந்ததும் அதே மணம். "யாரும் வைக்கோலத் தொடாதீங்க," என்று அவள் கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீண்ட கைகளில் முதல் கை பேச்சிமுத்துவுடையது.

"அண்ணே, உங்ககிட்ட அவ்வளவு சொன்னேனே."

"சொன்னீங்க தாயி. ஆனா புதுக்கண்ணாடியும் என் பக்கம் பேசணும்ல. போன தடவ எனக்குத்தான் கிடைக்கல."

வைக்கோலைத் துண்டில் பத்திரமாக முடிந்துகொண்டு, தேன்பெட்டிகளின் மேல் செருகுவதற்காக அவர் மலையேறிப் போனார்.