குரங்குக் கட்டை

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி 4.10.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது தளத்தில், தனேஷ் தன் வீட்டுக் கிரில் கதவின் பூட்டைத் திறந்து உள்ளே வந்தான். சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை. காலை ஷிப்ட் முடிந்து, கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்த களைப்பு. அம்மாவைக் கூப்பிட்டான். பதில் இல்லை. கூடத்தின் கோடியில், பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அம்மா நவமணி தரையில் கிடந்தார்.

கதவை இழுத்தான். அசையவில்லை. கதவு ஓடும் கீழ்த் தடத்தில், வீட்டின் உள்பக்கமாக, குரங்குக் கட்டை கிடந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டுத் திறந்தான். அம்மா இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மலையடிவாரத்து வீடுகளில் குரங்குக் கட்டை இல்லாத ஸ்லைடிங் கதவு குறைவு. மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்குக் கதவைத் தள்ளித் திறக்க நன்றாகத் தெரியும். வாழைப்பழம் போனால் பரவாயில்லை, அவை சாமி படத்தையும் விட்டுவைப்பதில்லை. அதனால் பழைய மாப்பின் மரப்பிடியை அளவாக வெட்டித் தடத்தில் கிடத்திவிடுவார்கள். அது கிடக்கும்வரை வெளியிலிருந்து யார் தள்ளினாலும் கதவு நகராது. குரங்கானாலும் சரி, வீட்டுக்காரியானாலும் சரி.

மணி 4.50. இன்ஸ்பெக்டர் சிவநேசன் வந்தார். குறைவாகக் கேட்டு நிறையப் பார்க்கிற ஆள் அவர். நவமணிக்கு எழுபது வயது, இதய நோயாளி. நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டிவி பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. கைப்பேசியும் அங்கேதான் இருந்தது. பால்கனியில் நின்று பார்த்தால் இரண்டும் தெரிந்தன. சிவநேசன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பால்கனிக் கொடியில் பதினேழு துணிகள், ஒழுங்காகக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தன. வாளி காலி. சமையலறையில் இருந்த துணி துவைக்கும் இயந்திரமும் காலி. செருப்பு அலமாரியின் மேல் ஒரு காகிதப் பை, அதனுள் துருப்பிடித்த இரண்டு சிறிய சக்கரங்கள். படம் எடுக்க வந்த காவலர் ஹாரிஸ், கதவு வழியில் தன் பையை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்வந்தார்.

தனேஷ் அழவில்லை. கோபம் அழுகையை அடைத்துக்கொண்டு நின்றது.

"சார், கிரில் சாவி மூணு. ஒன்னு என்கிட்ட, ஒன்னு என் பொண்டாட்டிகிட்ட. அம்மாவோடது இந்தா ஆணியில தொங்குது. கட்டை உள்பக்கம் கெடந்துச்சி. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சி, குனியவே முடியாது. அவ போட்டுட்டுப் போயிட்டா லா. வேற யாரு?"

சொன்னதை எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

மனைவி பிரமிளா ஐந்தரைக்கு வந்தாள். நகரத்தில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் வேலை. கணவன் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறான் என்பதை நின்றபடியே கேட்டாள். அவளுடைய பார்வை கணவனிடம் போகவில்லை, கண்ணாடிக் கதவிலேயே இருந்தது.

"எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

"பன்னெண்டரை. பன்னெண்டு இருபத்தஞ்சுக்கு மெஷின்ல துணியப் போட்டு அமுக்கிட்டுத்தான் கெளம்புனேன். பன்னெண்டு அம்பத்தெட்டுக்கு கிளினிக்ல பஞ்ச் பண்ணேன்."

"அத்தையோட சண்டையா?"

"நாற்காலிய எங்க வைக்கிறதுன்னு. சின்ன விஷயம் சார்."

"கட்டைய நீங்க போட்டீங்களா?"

"இல்ல."

அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. குற்றமற்றவள் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள் என்று சிவநேசனுக்குப் பட்டது. அந்த எண்ணத்துக்காக மறுநாள் அவர் வெட்கப்பட்டார்.

மணி 6.15. பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் போனார். பன்னிரண்டு மணி வாக்கில் பிரமிளா சத்தம் போட்டதும், பேச்சில் நாற்காலி அடிபட்டதும் உண்மை என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம் சொன்னதுதான் அவரால் தாங்க முடியாதது.

"லுஹர் தொழுதுட்டு உக்காந்தேன் தம்பி, ஒன்னரை இருக்கும். கண்ணாடியத் தட்டுற சத்தம் கேட்டிச்சி. போன ஞாயித்துக்கெழம தனேஷு அந்தக் கதவ ரிப்பேர் பண்ணான். அன்னைக்கும் இப்படித்தான் தட்டிக்கிட்டே இருந்தான். இன்னும் வேலை முடியல போலன்னு இருந்துட்டேன். எந்திரிச்சிப் போயிருக்கணும்."

சிவநேசன் அவர் சொன்ன நேரத்தைக் குறித்துக்கொண்டார். திரும்பிப் போய்த் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன் நின்றார். பிரமிளா வைத்திருந்த ஓட்டத்துக்கு நாற்பத்தெட்டு நிமிடம் என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது.

சனிக்கிழமை, காலை மணி 9.30.

தனேஷ் இரவு நண்பன் வீட்டில் தங்கிவிட்டான். வீட்டில் பிரமிளா மட்டும் இருந்தாள். ஹாரிஸோடு வந்த சிவநேசன் நேரே கண்ணாடிக் கதவுக்குப் போனார். அதைத் திறந்து கையை எடுத்தார். கதவு ஒரு கணம் நின்றது. பிறகு, யாரும் தொடாமலே, மெல்ல ஓடிவந்து மூடிக்கொண்டது.

"நேத்து ஏன் பைய வழியில வெச்சீங்க?" என்று ஹாரிஸைக் கேட்டார்.

"கதவு நிக்கல சார், தானா சாத்திக்குது."

கட்டிடம் பழையது, தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கதவின் அடியில் அந்தத் துருப்பிடித்த சக்கரங்கள் இறுகிக் கிடந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை.

சிவநேசன் கட்டையைக் கையில் எடுத்தார். குனிய முடியாத ஒருத்தி பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். குரங்கு வந்தால் இந்தக் கட்டையை அவள் எப்படித் தடத்தில் போட்டிருப்பாள்? இந்தக் கேள்வியை நேற்று யாரும் கேட்கவில்லை. கதவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விட்டுக் கதவைத் திறந்தார். அந்த இடத்தில் கட்டையின் அடியைத் தடத்தில் ஊன்றி, தலையைக் கதவின் பின்விளிம்பில் சாய்த்தார். பால்கனியில் போய் நின்றார். கதவு நகர்ந்தது. சாய்ந்திருந்த கட்டை கதவோடு சேர்ந்து இறங்கி, தடத்தில் நீட்டிப் படுத்தது. சிவநேசன் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை.

உள்ளே பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளே குனிந்து கட்டையை எடுத்தாள்.

"போதும் சார். அவருதான் அத்தைக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தாரு. குனிய வேணாம்மா, கதவச் சாத்துனா கட்டை தானா விழுந்துக்கும்னு. எடுக்கும்போது துடைப்பத்தால நெம்பி எடுத்துக்குவாங்க, வெளிய போனா அப்படியே சாய்ச்சி வெச்சிட்டுப் போவாங்க. சக்கரம் மாத்துறதுக்கு முன்னால கதவ நகத்த ரெண்டு கை வேணும்."

"நாற்காலி?"

"கதவு ஓடுதேன்னு பயந்து, முட்டுக்கு நாற்காலி வைங்க அத்தைன்னேன். என் மவன் செஞ்ச கதவுக்கு முட்டு எதுக்குன்னு கேட்டாங்க. அதான் சத்தம் போட்டேன்."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"என்னைக் கொலகாரின்னா நீங்க விசாரிப்பீங்க, இல்லன்னு தெரிஞ்சா விட்டுருவீங்க. இது அவருக்குத் தெரிஞ்சா, அவரு மனசு அவர விடுமா சார்?"

சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். சிவநேசன் முடியாது என்றார். கணவனின் கையெழுத்து தாளில் இருந்தது. அதைவிட, சொல்லாவிட்டால் அவன் மனதில் அவள் கொலைகாரியாகவே இருப்பாள். அந்த வாழ்க்கையை அவள் தாங்குவாள் என்பது அவருக்குத் தெரிந்தது, அதனாலேயே சம்மதிக்க முடியவில்லை.

மணி 10.05. தனேஷ் வந்தான். உட்காராமல் கேட்டான்.

"அவள ஏன் சார் இன்னும் பிடிக்கல?"

"தம்பி, மெஷின் ஓடி முடிஞ்சது ஒன்னு பதிமூணுக்கு. அதுக்கப்புறந்தான் உங்கம்மா ஈரத் துணிய எடுத்து, பால்கனிக்குக் கொண்டுபோய், பதினேழையும் காயப்போட்டிருக்காங்க. அப்போ கதவு தொறந்துதான் இருந்துச்சி. அந்த நேரம் பிரமிளா கிளினிக்ல. நாலரை வரைக்கும் எந்திரிக்கல, அங்க உள்ள கேமரால பாத்துட்டேன்."

"அப்ப கட்டைய உள்ள இருந்து போட்டது யாரு?"

"வீட்டுக்குள்ள யாருமே இல்ல."

அவர் கதவைத் திறந்தார், கட்டையைச் சாய்த்தார், கையை எடுத்தார். விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கதவு சத்தமில்லாமல் ஓடுவதையும் கட்டை இறங்கிப் படுப்பதையும் தனேஷ் பார்த்தான். செருப்பு அலமாரியின் மேல் இருந்த பையைப் பார்த்தான்.

"நான்தான் சக்கரம் மாத்துனேன்," என்றான். "கட்டைய அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான்."

"ரெண்டும் அம்மாவுக்கு லேசா இருக்கணும்னு செஞ்சது. இது விபத்து. அப்படித்தான் எழுதப்போறேன்."

தனேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை இப்போதுதான் வந்தது, பெரிய ஆளின் அழுகை, பார்க்கச் சகிக்காதது. வெகுநேரம் கழித்து மனைவியைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நேத்து உள்ள வந்தப்பவே."

"நான் ஒன்னைய..."

"சொன்னீங்க. அத மறக்க எனக்கு நாளாகும்." அவள் குரலில் கோபமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

தனேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சிவநேசன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, நாற்காலின்னு என்னமோ சண்டையாம். கதவுக்கு வைக்கத்தான் சொன்னியா? அம்மா என்ன சொன்னாங்க?"

பிரமிளா தயங்கவில்லை.

"சரின்னாங்க. நான்தான் வெச்சாங்களான்னு நின்னு பாக்காம கெளம்பிட்டேன்."

சிவநேசன் குறிப்பேட்டை மூடினார். துப்பறிகிறவன் பொய்யைக் கேட்டால் பிடிக்க வேண்டும். முப்பது வருட வேலையில் அவர் பிடிக்காமல் விட்ட பொய் அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையில் உடலைத் தருவார்கள் என்று ஹாரிஸ் நினைவூட்டினார். தனேஷ் எழுந்தான். கார் சாவி அவன் விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. பிரமிளா அதை எடுத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டுறேன்," என்றாள். "வாங்க, அத்தைய வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம்."