கருப்பில் அவர் ஆடியது

சுடலைக்கண் அண்ணாச்சி ஏணியில் நின்று கட்அவுட்டின் மூக்கில் படிந்திருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடல் பழைய கடைத்தெரு வரை வந்துவிட்ட பிறகு தூத்துக்குடியில் எதை வெளியே வைத்தாலும் இரண்டு நாளில் உப்புப் பூத்துவிடும். உலகச் சதுரங்கச் சாம்பியன் இளஞ்சேரனின் மூக்கு மட்டும் தப்பிவிடுமா என்ன? மூன்று மாடி உயரத்தில், கையில் வெள்ளை ராஜாவைப் பிடித்தபடி, தீப்பிழம்புகளுக்கு நடுவே அவர் நின்றார். நடிகர்களையெல்லாம் கணிபொறிகளே வரைந்து தள்ள ஆரம்பித்ததும், வியர்வை சிந்தும் மனிதர்கள் மேல்தான் ஊருக்கு மோகம் திரும்பியது. சதுரங்கக்காரர்களுக்கு ரசிகர் மன்றங்கள் முளைத்தது அப்படித்தான்.

மன்றம் மாடியில் இருந்தது. செயலாளர் பெனிட்டா ஒளித்திரையை ஏற்றிவிட்டு, மூன்று டம்ளர்களில் தேநீர் ஊற்றினாள். உப்புநீக்கு ஆலையில் இன்று அவளுக்கு வாரவிடுப்பு. நைரோபியில் இன்று கடைசிச் சுற்று. இளஞ்சேரன் அரைப்புள்ளி முன்னால் இருந்தார். அவருக்கு வெள்ளை, எதிரே இரண்டாம் இடத்தில் இருந்த பத்தொன்பது வயது ஒக்கோத். டிரா செய்தாலே பட்டம் இளஞ்சேரனிடம் தங்கிவிடும்.

திடீரென்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது. மன்றத்தின் பகுப்பாய்வாளரான ரிஸ்வானா ஜன்னலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி! சீட்டு நமக்கு விழுந்திருக்கு!"

ஏணியிலிருந்து அண்ணாச்சி இறங்கினாரா, விழுந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. மூச்சிரைக்க மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அந்தச் சீட்டின் மகிமை அப்படி. ஒரு காலத்தில் ஆட்டக்காரர்கள் வீட்டுக் கணிபொறி சொல்லித்தந்த முதல் முப்பது நகர்வுகளை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஆட்டம் செத்துப்போனது, அரங்கம் கொட்டாவி விட்டது. அதனால் சம்மேளனம் ஒரு விதி போட்டது: வெள்ளைக்காய் ஆடுபவர் எந்தத் தொடக்கத்தை ஆடவேண்டும் என்பதை இனி அவருடைய ரசிகர் மன்றங்களில் ஒன்று சொல்லும். எந்த மன்றம் என்பது ஆட்டத்துக்கு அரை மணி முன்புதான் குலுக்கலில் தெரியும். இதற்குப் பெயர் தொடக்கக்கொடை. கருப்பில் ஆடும்போது மட்டும் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி ஆடலாம். வந்த கொடையை அவர் மறுக்கவும் செய்யலாம். ஆனால் மறுத்தால் அந்த மன்றம் அன்றோடு கலைக்கப்படும்.

இளஞ்சேரன் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அதைச் சொல்லாமல் அண்ணாச்சி எந்தப் பேச்சையும் முடிக்கமாட்டார்.

"யோசிக்க என்ன இருக்கு? ராஜக்காவுதான்!" என்றார் அவர். ராஜாவுக்குக் காவலாக நிற்கும் சிப்பாயை எடுத்த எடுப்பிலேயே பலி கொடுத்து, கோட்டையைத் திறந்துபோட்டுப் பாயும் தொடக்கம் அது. அதில்தான் இளஞ்சேரன் முதல் பட்டத்தை வென்றார். கட்அவுட்டில் இருப்பதும் அந்தத் தீதான். "ஆத்தாடி, அந்த ஆட்டம்! குதிரையத் தூக்கிக் குடுத்தாரு, யானையத் தூக்கிக் குடுத்தாரு. மனுசன் கடைசியில ஒரு சிப்பாய வச்சுல்லா மேட் வச்சாரு!"

"இந்தப் போட்டியிலேயே கரூர்க்காரங்க அதைத்தான குடுத்தாங்க, பினாங்கு மன்றமும் அதேதான்" என்றாள் ரிஸ்வானா. "ரெண்டுலயும் ஜெயிச்சாரு."

"பெறகென்ன?"

பெனிட்டா தேநீரைத் தொடவில்லை. "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீக. லண்டன் குடுப்போம்."

லண்டன் என்றால் ஓரமாக ஒரு பிஷப், நடுவில் சிப்பாய்களை அடுக்கி ஒரு முக்கோணம், அதற்குள் பத்திரமாக ராஜா. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் பூங்காவில் ஆடுவது.

"ஏம்மா, ஒனக்குக் காய்ச்சலா?" என்றார் அண்ணாச்சி. "பதினோரு வருசமா இந்தச் சீட்டுக்குத் தவங்கெடக்கேன். உலகம் பூரா நம்ம மன்றத்துப் பேரு திரையில வரப்போவுது. அன்னைக்குப் போயி தயிர்சோறு போடச் சொல்லுத!"

"நாம காவுதான் குடுப்போம்னு ஒக்கோத் ஆளுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி" என்று ரிஸ்வானா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சீட்டு யாருக்கு விழும்னு கணிபொறியால சொல்ல முடியாது. ஆனா நம்ம ஆசை என்னன்னு அதுக்குத் தெரியும். எந்த ஊருக்கு விழுந்தாலும் தீயைத்தான கேக்கோம்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும். தலைவரு பாத்துக்கிடுவாரு."

"எத்தன நாளைக்குப் பாத்துக்கிடுவாரு?" பெனிட்டாவின் குரல் உயர்ந்துவிட்டது. அவள் திரையில் இரண்டு ஆண்டு ஆட்டங்களை வரிசையாக விரித்தாள். "வெள்ளையில அவரு ஆடுனது எதுவும் அவரு எடுத்தது இல்ல, எல்லாம் நாம குடுத்தது. கருப்புலதான் அவருக்கே உரிமை. அதுல என்ன ஆடுதாருன்னு பாருங்க."

பார்த்தார்கள். முன்பு கருப்பிலும் இளஞ்சேரன் வாள்வீச்சாகத்தான் ஆடுவார். ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஒரே அமைதி. சிப்பாய் ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. வாய்ப்புக் கிடைத்த முதல் இடத்திலேயே ராணிகள் வெட்டிக்கொண்டு வெளியேறினர். அத்தனையும் டிரா.

"அது தந்திரம்லா" என்றார் அண்ணாச்சி. "கருப்புல பதுங்கி வெள்ளையில அடிக்காரு. நம்ம மன்ற மலர்லயே நான் எழுதியிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் எழுதுனோம். நானுந்தான் எழுதுனேன்." பெனிட்டா பினாங்கு மன்றம் கொடுத்த ஆட்டத்தின் கடைசிக் காட்சியை ஓடவிட்டாள். அரங்கம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. வென்ற மனிதரோ நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முன்னால ஒரு காய நகத்திட்டு எந்திரிச்சு நடப்பாரு. அடுத்த மேசையெல்லாம் எட்டிப் பாப்பாரு. இப்ப எந்திரிக்கதே இல்ல. ஜெயிச்சிட்டாருன்னு நாம வெடி போட்டோம். அவரு மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல."

"அப்பம் மறுத்திருக்கலாம்லா?"

"மறுத்தா கரூர் மன்றம் இன்னைக்கு இருக்குமா?"

அண்ணாச்சி திரும்பினார். ஜன்னல் வழியாகக் கட்அவுட்டின் பின்பக்கம் தெரிந்தது. வெறும் மரச்சட்டங்களும் ஆணிகளும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. மன்றத் தலைவர் என்ற முறையில் அண்ணாச்சியின் பெருவிரல் பட்டால்தான் கொடை செல்லும். இந்த மனிதர் மனைவியின் நகையைவிடப் பத்திரமாகக் காத்துவந்த ஆசையைப் பெனிட்டா பிடுங்கப் பார்க்கிறாள். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நாம கேட்டது எல்லாத்தையும் குடுத்திருக்காரு" என்றார் அண்ணாச்சி மெல்ல. "அவருக்கு என்ன வேணும்னு நாம ஒரு நாளும் கேக்கல, என்னம்மா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எளவு, லண்டனையே போடு" என்று சொல்லி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலை அழுத்தினார்.

நைரோபி அரங்கத்தில் மேசை மேல் இருந்த சிறுதிரை ஒளிர்ந்தது: லண்டன், கொடை தூத்துக்குடி மன்றம். முதலில் ஒரு முனகல், பிறகு சிரிப்பு. ரிஸ்வானாவின் கைபேசியில் வசவுகள் மழையாகக் கொட்டின. உப்பு அள்ளுகிறவர்களுக்குச் சதுரங்கம் எதற்கு என்று எவனோ கேட்டிருந்தான். அண்ணாச்சியின் காது மடல்கள் சிவந்தன.

இளஞ்சேரன் அந்தச் சிறுதிரையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஒரு சிப்பாயை நகர்த்தினார். அடுத்து பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். ஒக்கோத் காவுக்காகத் தயாரித்து வந்த அத்தனையையும் மனதில் மூட்டை கட்டிவிட்டு, தலையைக் கையில் தாங்கி யோசிக்க ஆரம்பித்தான்.

அப்போது இளஞ்சேரன் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் தெருவில் உலாத்துகிறவரைப் போல நடந்துபோய் அடுத்த மேசையின் ஆட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"எந்திரிச்சிட்டாரு" என்றாள் பெனிட்டா. ஆறிப்போன தேநீரை அப்போதுதான் கையில் எடுத்தாள்.

அன்றைய ஆட்டத்தை யாரும் பாட்டாகப் பாடப்போவதில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. ஒக்கோத் இடப்பக்கம் இடித்தான், வலப்பக்கம் முட்டினான். ஒவ்வொரு முறையும் அங்கே ஏற்கெனவே ஒரு காய் சும்மா நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு நுணுக்கத்தை இத்தனை காலமும் இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று ரிஸ்வானா வாய்விட்டே கேட்டாள். அண்ணாச்சிகூட ஒரு குதிரை பின்வாங்கியபோது தொடையைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். சாயங்காலம் ஒக்கோத் கை நீட்டினான். டிரா. பட்டம் மீண்டும் இளஞ்சேரனுக்கு.

அரங்கத்தில் கைதட்டல் மழைத்தூறல் அளவுக்குத்தான் விழுந்தது. ஊரில் ஒரு வெடிச்சத்தமும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கொடை தந்த மன்றத்துக்குச் சாம்பியன் ஒரு வரி அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் 'நன்றி' என்று மட்டும் வரும். செய்தி வந்ததும் ரிஸ்வானா உரக்கப் படித்தாள்.

"நான் கருப்பில் ஆடுவதை யாராவது பார்க்கிறார்களா என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்."

அண்ணாச்சி எழுந்து, மூலையில் இருந்த சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க போறீக?" என்றாள் பெனிட்டா.

"ஏணியப் பிடிக்க ஆளு வேணும், வா" என்றார் அவர். "அந்தத் தீய எல்லாஞ் சொரண்டணும். மனுசன் எத்தன வருசமா வெக்கையில நிக்காரு."