மேகனூர்ச் சரிவின் நீலப்பூப் புதர்

பெயர்சூட்டி இயந்திரம் மறுபடியும் கையை விரித்துவிட்டது. மேகனூர்ச் சரிவில் மட்டும் பூக்கும் நீலப்பூப் புதர் தனி இனமல்ல. சமவெளியில் வேலியோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் செடிதானாம். மரபணு வேற்றுமை வரம்புக்கு மயிரிழை குறைவு.

உயிர்களுக்கெல்லாம் பெயர் வைக்கும் உரிமை அந்த இயந்திரத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தனிப் பெயர் பெற்ற அரிய இனத்தை, அது முதலில் பதிவான இடத்தைவிட்டு யாரும் அசைக்க முடியாது. பெயர் இல்லையென்றால் பொக்லைன் வரும். வனவாயிலுக்கு வெளியே அது ஏற்கெனவே வந்து நின்றது.

இனப்பதிவகத்தின் தலைவி அமிர்தவல்லிக்கு அந்தப் புதர் என்றால் உயிர். இலையின் அடிப்புற மயிரையும் மகரந்தப்பையையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறுதான் என்று தெரியும். சரிவில் நின்றபடியே அலுவலகத்திலிருந்த உதவியாளன் இர்ஃபானை அழைத்தாள்.

"வரம்பைக் கொஞ்சம் இறக்கு, இர்ஃபான்."

"செடிக்குன்னு தனி அளவு கிடையாது மேடம். இறக்கினா எல்லா உயிருக்கும் சேர்த்துத்தான் இறங்கும்."

"இறங்கட்டுமே. தனியா இருக்கறதைத் தனின்னு சொன்னா என்ன தப்பு?"

வரம்பு இறங்கியது, புதருக்குப் பெயர் கிடைத்தது. அமிர்தவல்லி வெட்கமில்லாமல் அழுதாள். அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்குக் கிளம்பியவளுக்கு வனவாயில் திறக்கவில்லை. இப்போது எல்லா வாசலிலும் இருக்கும், மூச்சுக் காற்றிலிருந்தே மரபணுவைப் படித்துவிடும் கதவு அது. "புதிய இனம். அறியப்பட்ட எண்ணிக்கை: ஒன்று. வாழிடம்: மேகனூர்ச் சரிவு. வெளியேறத் தடை" என்றது.

உடனே இர்ஃபானின் அழைப்பு வந்தது. "நாங்களும் மாட்டிக்கிட்டோம் மேடம். எந்த ரெண்டு பேரும் ஒரே இனம் இல்லையாம். எங்க வாழிடம் மூணாவது மாடி. பார்வையிட வந்த அமைச்சருக்கு லிஃப்ட்!"

"மனுஷங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டுப் பாரேன்."

"எல்லா உயிருக்கும் ஒரே அளவுகோல்னு விதி எழுதினதே நீங்கதானே? என் பொண்ணு ஸ்கூல் கேட்டுக்குள்ள நின்னு அழுவுறா மேடம். இத்தனூண்டு வித்தியாசத்துக்காக மனுஷங்களைப் பூட்டி வைக்கறதா?"

அந்த இத்தனூண்டு வித்தியாசத்துக்காகத்தான் அவள் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டிருந்தாள். வீட்டில் கணவர் காய்ச்சலில் கிடந்தார். சரிவைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"வரம்பை ஏத்திடு" என்றாள்.

கதவு திறந்தது. அவள் வெளியே வருவதற்கு வழிவிட்டு, பொக்லைன் மரியாதையாக ஓரம் ஒதுங்கி நின்றது. அவள் கடந்து போனதும் உள்ளே நுழைந்தது.